எழுத்துக்காரர் வீட்டுப் படம்

நவம்பர் 4, செவ்வாய்

விடியறதுக்கு முன்னாலிருந்து மழை. எங்க ஊர் கோவில்பதாகை முழுக்கச் சேறு. மாடி ரூம் ஜன்னல் சந்துல பழைய துணி அடைச்சாச்சு. என் வீட்டுக்காரர் சேகருக்கு முதல் ஷிப்ட். குடையை மறந்துட்டுப் போயிட்டார், நனையட்டும்.

பதினோரு மணிக்குப் படம் வந்தது. பூந்தமல்லியிலிருந்து ஆட்டோவில். மேல ரெக்ஸின், அதுக்குள்ள போர்வை, அதுக்குள்ள லுங்கி. கொண்டுவந்தவர் ஹனீஃப் பாய் (இனிமே ஹ.பாய்). அறுபது வயசு இருக்கும். பஜார்ல மெத்தை, தலையணை, பாய் விற்கிற கடை. பழைய வீட்டை இடிச்சு ஃபிளாட் கட்டப் போறாங்களாம். சாமான் ஒதுக்கும்போது இதையும் கையோடு சுத்தம் பண்ணிடலாம்னு.

"எங்க அத்தாவோட அத்தாவுக்கு அத்தாங்க. அப்படியே மேல போய்க்கினே இருங்க" என்றார் (அத்தான்னா அப்பா). "தொழற ஊடு, அதனால சுவத்துல மாட்டுனதில்ல. பீரோ பின்னால, சுவத்தப் பாத்த மாதிரி நிக்கும். பெருநாளுக்குப் பெருநாள் எங்க அத்தா எடுத்துத் தொடச்சு என்னியக் கூப்ட்டுக் காட்டுவாரு. 'இவரு எழுதுன பத்திரத்துல ஒரு எழுத்து பொய் கெடையாது. இவரு மாரி இரு'ன்னுவாரு."

பெயர் மீரா உசேன். பத்திரம் எழுதறவர். இன்னைக்கும் அவங்க வீட்டுக்கு அந்தத் தெருவுல 'எழுத்துக்காரர் ஊடு'ன்னுதான் பேராம்.

படம்: இடுப்பு வரைக்கும். கொஞ்சம் பக்கவாட்டுல திரும்பி உட்கார்ந்திருக்கார். தலைப்பாகை. மத்ததெல்லாம் தார் பூசின மாதிரி இருட்டு. நெற்றி, மூக்கு, ஒரு கன்னம், அவ்வளவுதான் தெரியுது. கையில காகிதக் கட்டு. காதுல சொருகின குச்சி, பேனாவாம். கேன்வாஸ், ஆயில். துணி நெசவு, துருப்பிடிச்ச ஆணி, விரிசல் ஓடியிருக்கிற விதம், எல்லாம் பத்தொன்பதாம் நூற்றாண்டுன்னுதான் சொல்லுது.

மியூசியம் லேப்ல பதினோரு வருஷம் தற்காலிக வேலை பார்த்தேன். இப்படி ஒண்ணு வந்தா பெரியவங்கதான் தொடுவாங்க. நான் பஞ்சு சுத்திக் கொடுப்பேன். இன்னிக்கு இது என் மேஜை மேல! சாப்பிடத் தோணல. நாலு மணிக்குத்தான் ரசம் சாதம்.

வாங்க வேண்டியது: ஆஸ்பத்திரிப் பஞ்சு, மூங்கில் குச்சி, டார்ச் பேட்டரி, இட்லி அரிசி.

நவம்பர் 5, புதன்

மழை விட்டிருக்கு. வெளிச்சம் நல்லா இருக்கு.

முதல்ல தூசி. அப்புறம் ஒரு ஓரத்துல சோதனை. எச்சில்தான் முதல் மருந்து, லேப்ல கத்துக்கிட்டது. குச்சியில பஞ்சு சுத்தி, நாக்குல தொட்டு, உருட்டணும். தேய்க்கக் கூடாது. சேகர் வாசல்ல நின்னு பார்த்துட்டு, "எச்சி தொட்டுத் தொடைக்கறதுக்கா அத்தன வருஷம் மியூசியம் போன?" என்றார். சிரிப்பு வந்து பஞ்சு கீழே விழுந்தது.

ஹ.பாய் போன். பஞ்சு வேணுமா, கடையில மூட்டை மூட்டையா இலவம் பஞ்சு இருக்கு, அனுப்பட்டுமா? வேணாம் பாய், இதுக்கு வேற பஞ்சுன்னேன். கொஞ்சம் வருத்தம் அவருக்கு.

எச்சிலுக்குப் புகைதான் போச்சு. வார்னிஷ் போகல. மதியத்துக்கு மேல ஸ்பிரிட் கலவை, ஒரு நகத்தளவு இடம், காதுப் பக்கமா. பஞ்சு தேன் நிறமா வந்தது. அடியில தோல். மனுஷத் தோல்! மாநிறம், காது மடல் ஓரம் வெளிச்சம் பட்டுச் சிவப்பா. இப்படி ஒரு காதை நான் பார்த்ததில்ல. ஓரத்துல ரெண்டு மயிர்கூட.

நவம்பர் 7, வெள்ளி

ரெண்டு நாளா வேற எதுவும் எழுத நேரமில்ல.

காது முழுசா வந்தாச்சு. கடுக்கன் போட்டிருக்கார். சிவப்புக்கல். பாய் வீட்டுப் பெரியவருக்குக் கடுக்கனா? ஒருவேளை அந்தக் காலத்துல போட்டாங்களோ. தெரியல.

அதைவிடப் பெருசு: காதுல சொருகியிருக்கிறது பேனா இல்ல. பிரஷ். நுனியில மயிர், மயிரோட நுனியில துளி நீலம், காயாத மாதிரி பளபளன்னு.

பேனாவுல நீல மசி இருக்கலாமேன்னு எனக்கு நானே வாதாடிப் பார்த்தேன். இல்ல. மயிர் இழை இழையா வரைஞ்சிருக்கு. பிரஷ் பிடிக்கிறவன்தான் பிரஷை இப்படி வரைவான்.

பத்திரம் எழுதறவர் காதுல பிரஷ் எதுக்கு?

பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிஞ்சுது. பரவாயில்ல.

நவம்பர் 8, சனி

செய்யக்கூடாததைச் செஞ்சுட்டேன். எழுதி வெக்கறேன்.

காலையில ஜன்னலெல்லாம் போர்வை போட்டு இருட்டாக்கி, ஊதா டார்ச் அடிச்சுப் பார்த்தேன். கள்ள நோட்டு பார்க்கிறதுக்கு வெச்சிருப்பாங்களே, அது. பழைய வார்னிஷ் பச்சையா மினுங்கும். பிற்பாடு யாராவது பூசின பெயிண்ட் கறுப்பாத் தெரியும். முகம், தலைப்பாகை, தோள் எல்லாம் பச்சை. காகிதக் கட்டு மட்டும் கன்னங்கறுப்பு. கத்தரிச்சு ஒட்டின மாதிரி.

காகிதக் கட்டு பின்னால வந்தது! அடியில வேற ஏதோ இருக்கு!

ஹ.பாய்க்குப் போன் பண்ணிக் கேட்டிருக்கணும். அதுதான் முறை. போன் பக்கத்துலயேதான் இருந்தது. பண்ணல. ஒரு ஓரம், தபால்தலை அளவு, பார்த்துட்டு நிறுத்திடலாம்னு பிளேடை எடுத்தேன். மேல் பூச்சு செதில் செதிலா வந்தது. ஒன்றரை மணி நேரம். மூச்சு விட்டேனான்னு ஞாபகமில்ல.

கட்டை விரல். விரல் ஒரு ஓட்டைக்குள்ள நுழைஞ்சிருக்கு. சுத்தி மரப்பலகை. பலகை மேல மஞ்சள் ஒரு பொட்டு, காவி ஒரு பொட்டு.

கலர் குழைக்கிற பலகை. இவர் ஓவியர்!

ரூமுக்குள்ள ரெண்டு சுத்து சுத்தி வந்தேன். கீழ வீட்டுக்காரம்மா, "செல்வி, மேல என்னா ஆடறியா?"ன்னு கத்தினாங்க.

நவம்பர் 9, ஞாயிறு

ஹ.பாய்க்குச் சொன்னேன். ரொம்ப சந்தோஷமா ஆரம்பிச்சேன். பாய், உங்க பெரிய தாத்தா ஓவியர், பத்திரக் கட்டு பின்னால யாரோ பூசினதுன்னு.

அவர் குரல்ல சந்தோஷம் இல்ல.

"பூசினதுன்னு எப்படித் தெரிஞ்சிச்சு?"

"ஒரு ஓரத்துல எடுத்துப் பாத்தேன்."

"யாரைக் கேட்டு எடுத்தீங்க?"

ஆர்வம் தாங்கல பாய்னு இழுத்தேன்.

"அம்மா, அழுக்கு எடுக்கத்தான் கொடுத்தேன். எங்க அத்தா அந்தப் பத்திரக் கட்டைக் காட்டித்தான் என்னிய வளத்தாரு. அதை நீங்க சொரண்டிட்டுப் போன் பண்றீங்க. வேலைய நிறுத்திடுங்க. புதன்கெழம வந்து எடுத்துக்கறேன்."

கத்தல. கத்தியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

அவர் சொன்னது சரி. படம் அவங்களோடது, அவசரம் மட்டும்தான் என்னோடது. சேகர்கிட்டச் சொன்னேன். "மன்னிப்புக் கேட்டியா?" என்றார். கேட்கல. அதுகூடத் தோணல. திரும்பப் போன் போட்டேன், எடுக்கல.

நவம்பர் 10, திங்கள்

மழை. டிவியில செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பறதுதான் செய்தி.

திருப்பிக் கொடுக்கறதுக்காகப் படத்தைக் கவிழ்த்து வெச்சேன். பின்பக்கம் இன்னொரு துணி ஒட்டியிருக்கு. காகிதக் கட்டு பூசின அதே ஆள் வலுவுக்காக ஒட்டியிருக்கலாம். இந்த மழைக்குக் கீழ் மூலையில பசை விட்டுப் பிரிஞ்சிருக்கு. பிரிஞ்ச இடத்துல டார்ச் அடிச்சேன். உள்துணியில மசி. எழுத்து. 'ன', அப்புறம் 'து'.

கை தானாப் போச்சு. பிடிச்சு இழுத்துக்கிட்டேன். கையைக் கழுவினேன். கீழே போய்த் துணி காயப் போட்டேன், மழையில!

ஹ.பாய் போன் எடுக்கல. அவர் தங்கச்சி நம்பர் பில்லுல இருந்தது. நூர்ஜஹான், ஆவடியில கணக்கு டீச்சரா இருந்து ரிட்டையர் ஆனவங்க. பேசினேன். முதல்ல மன்னிப்பு, அப்புறம் விஷயம்.

"டீச்சர், பின்னால எழுத்து இருக்கு. நான் தொடல. நீங்க ரெண்டு பேரும் பக்கத்துல இருந்தாத்தான் தொடுவேன். வேணாம்னா அப்படியே மூடித் தந்துடறேன்."

"உங்களால சும்மா இருக்க முடியுமா புதன் வரைக்கும்?"

"ரூமைப் பூட்டிச் சாவியை வீட்டுக்காரர்கிட்ட கொடுத்துட்டேன்."

சிரிச்சாங்க. "அண்ணனைக் கூட்டியாறது என் பொறுப்பு."

நவம்பர் 12, புதன்

எப்படி எழுதறது. வரிசையா எழுதறேன்.

பத்து மணிக்கு ரெண்டு பேரும். ஹ.பாய் முகம் கொடுக்கல. மன்னிப்புக் கேட்டேன், தலையை ஆட்டினார். டீ குடிக்கல. டீச்சர் குடிச்சாங்க, ரெண்டு பிஸ்கட்டும்.

படம் கவிழ்ந்து மேஜை மேல. ஈரப்பஞ்சு வெச்சுப் பசையை இளக்கினேன். துணி கொஞ்சம் கொஞ்சமா வந்தது. டீச்சர் பக்கவாட்டுல டார்ச் பிடிச்சாங்க. பழைய கையெழுத்து, புள்ளி கிடையாது. மசி பழுப்பாயிருக்கு. டீச்சர்தான் படிச்சாங்க, பிள்ளைங்க பேப்பர் படிச்ச கண்ணு:

"என்... கூட்டாளி... திருநின்றவூர் தணிகாசலத்தை... நான் எழுதினது. என்னை அவர்... எழுதினார். பூவிருந்தவல்லி மீரா உசேன்."

பூவிருந்தவல்லின்னா பூந்தமல்லியோட பழைய பேரு.

"எழுதினதுன்னா? பத்திரமா?" ஹ.பாய்தான் கேட்டார்.

"இல்ல பாய். அந்தக் காலத்துல படம் வரையறதை 'எழுதறது'ன்னுதான் சொல்வாங்க. படம் எழுதறது."

டீச்சர் டார்ச்சை அணைச்சுட்டாங்க. "அண்ணே. எழுத்துக்காரர் ஊடு."

அப்போதான் எனக்கும் உறைச்சது. எழுத்துக்காரர்னா ஓவியர். பின்னால வந்தவங்களுக்கு அந்த அர்த்தம் மறந்துபோச்சு. எழுத்துன்னா பத்திரம்னு நினைச்சு, யாரோ ஒரு பேரன் நல்ல எண்ணத்துலதான் பலகையை மூடிக் காகிதக் கட்டை வரையச் சொல்லியிருக்கார்.

ஹ.பாய் படத்தைத் திருப்பச் சொன்னார். முகத்தையே பார்த்துட்டிருந்தார்.

"அப்ப இவரு எங்காளு இல்ல."

"இல்ல பாய். இவர் தணிகாசலம். இதை வரைஞ்ச கைதான் உங்க தாத்தா."

"அறுவது வருஷமா இந்த மூஞ்சிக்கு சலாம் சொல்லிக்கினு இருந்தேன். இவரு எங்களுக்கு யாருமில்லியா?"

டீச்சர் சொன்னாங்க, "யாருமில்லாதவருக்கா ஒவ்வொரு மயிரும் பாத்துப் பாத்து வரைவாங்க? காதைப் பாருண்ணே."

பார்த்தார். நான் பூதக்கண்ணாடி கொடுத்தேன். காது, கடுக்கன், பிரஷ். ரொம்ப நேரம். கண்ணாடியைத் திருப்பித் தரும்போது, "இதெல்லாம் எங்க தாத்தா செஞ்சாரா?" என்றார்.

போகும்போது வாசல்ல நின்னு: "அந்தக் காகிதக் கட்டை எடுத்துடுங்கம்மா. ஒரு எழுத்து பொய் கெடையாதுன்னு எங்க அத்தா சொன்னாருல்ல. படத்துலயும் இருக்க வேணாம். ஆனா நான் பாக்கணும். நான் வந்தப்புறம் எடுங்க."

ஆறின டீயை நின்னபடியே குடிச்சுட்டுப் போனார்.

நவம்பர் 15, சனி

ஹ.பாய் கடையைத் தம்பிகிட்ட விட்டுட்டு வந்தார். ஸ்டூல் போட்டு, கையைக் கட்டிக்கிட்டு, ஆறு மணி நேரம். நடுவுல தொழுகைக்கு மட்டும் பக்கத்து ரூம்.

பலகை முழுசா வெளியே. கலர் பொட்டு மொத்தம் ஏழு. கறுப்பு, வெள்ளை, காவி, மஞ்சள், ரெண்டு சிவப்பு, நீலம். முகத்துல இருக்கிற நிறமெல்லாம் அந்தப் பலகையிலயும் இருக்கு. தணிகாசலம் தன்னையே குழைச்சு வெச்சிருக்கிற மாதிரி!

ஹ.பாய் குனிஞ்சு பார்த்து, "வேல நடுவுல கூப்ட்டு ஒக்கார வெச்சிருக்காரு. பிரஷைக் காதுல சொருகிக்கினு வந்துட்டான் மனுசன். எப்ப முடியும், எப்ப முடியும்னு கேட்டிருப்பான்" என்றார். முதல் முறையா சிரிச்சார்.

அப்புறம் கேட்டார்: "என்னை அவர் எழுதினார்னு போட்டிருக்கே. அது எங்க?"

நானும் மூணு நாளா அதையேதான் நினைச்சுட்டிருக்கேன்னு சொன்னேன். டீச்சர் பழைய மாணவிங்க வாட்ஸப் குரூப்ல குரல் செய்தி போட்டிருக்காங்களாம். திருநின்றவூர்ல தணிகாசலம்னு பேர் வழக்கமா வெக்கற குடும்பம், பழைய படம் ஏதாவது வீட்ல இருக்கான்னு.

கேஸ் புக் பண்ணணும். தோசைமாவு இல்ல.

நவம்பர் 18, செவ்வாய்

பதில்!! டீச்சர் அப்படியே அனுப்பினாங்க. மூணு தடவை கேட்டேன்.

"டீச்சர், நான் விஜயா, பத்தாவது பி. எங்க வூட்டுக்காரரு பேரே தணிகாசலம்தான் டீச்சர். அவங்க தாத்தா பேரும் அதான். பூஜை ரூம்ல தாடி வெச்ச தாத்தா படம் ஒண்ணு கீது. எண்ணெயும் புகையுமா ஒண்ணும் தெரியாது. வந்து பாருங்க டீச்சர், அப்படியே சாப்ட்டுப் போலாம்."

தாடி வெச்ச தாத்தா.

வேற யாரோவா இருக்கலாம். எதிர்பார்க்காதே, எதிர்பார்க்காதேன்னு சொல்லிக்கிட்டே பீரோவுல நல்ல புடவை தேடிட்டேன்.

நவம்பர் 23, ஞாயிறு

வெயில். ஆவடி ஸ்டேஷன்ல மூணு பேரும் சேர்ந்தோம். ஹ.பாய் கையில பெரிய பை, அதுல ரெண்டு புதுத் தலையணை. "முதல் தடவ ஒரு ஊட்டுக்குப் போறோம், கைய வீசிக்கினா போவாங்க?" ரயில் கூட்டம். டீச்சருக்கு மட்டும் சீட்.

திருநின்றவூர்ல இறங்கி ஷேர் ஆட்டோ, ஏரிப் பக்கமாப் பழைய தெரு. கதவைத் தட்டினோம்.

கதவைத் திறந்தது நான் பத்து நாளா பஞ்சால துடைச்ச மூக்கு! அதே இமை, அதே காது, ஓரத்துல மயிரோட. கையில செய்தித்தாள், மேல பனியன். ஹ.பாய் சலாம் சொல்லவே கையைத் தூக்கிட்டார்.

"இன்னா சார், பேயப் பாத்த மாரி பாக்கறீங்க?" என்றார் தணிகாசலம். ரயில்வே ஷெட்ல வேலை. விஜயா உள்ளேயிருந்து ஓடிவந்து டீச்சர் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க.

பூஜை ரூம். சாமி படங்களுக்கு நடுவுல பெருசா ஒண்ணு. செவ்வந்தி மாலை. நெத்தியில சந்தனம், அதுக்கு மேல குங்குமம், அடுக்கடுக்கா. அவங்க அனுமதி கேட்டு மாலையை எடுத்துட்டு டார்ச் அடிச்சேன். அதே ஆணி, அதே நெசவு. தாடி. தலைப்பாகைன்னு அவங்க நினைச்சது வெள்ளைத் தொப்பி. பின்பக்கம் திருப்பினோம். இதுல மேல் துணி ஒட்டல. சுத்தமா இருந்தது எழுத்து:

"பூவிருந்தவல்லி மீரா உசேன். என் கூட்டாளி. எழுதினது தணிகாசலம்."

டீச்சர் சத்தமா வாசிச்சாங்க.

விஜயாவுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆச்சு. "ஐயோ, அமாவாசைக்கு அமாவாசை இவருக்குத்தான் டீச்சர் படையல் போடறோம்!"

"இன்னாம்மா படைப்பீங்க?" ஹ.பாய்.

"வடை, பாயசம். ஆடி மாசம் கருவாட்டுக் கொழம்பு."

"பிரியாணி ஒருநாளும் வெக்கலியா?"

"இவரு பிரியாணி ஆளுன்னு யாருக்கு சார் தெரியும்?" என்றார் தணிகாசலம்.

அவ்வளவுதான். எல்லாரும் சிரிச்ச சிரிப்புல பக்கத்து வீட்டுக்காரங்க எட்டிப் பார்த்தாங்க. ஹ.பாய்க்குச் சிரிச்சு சிரிச்சுக் கண்ணுல தண்ணி. அப்புறம் சிரிப்பு நின்னும் தண்ணி நிக்கல.

ரெண்டு பேரும் தான் வரைஞ்சதைத் தன் வீட்டுலயே வெச்சிருந்திருக்காங்க. கூட்டாளி முகம் கண்ணெதிர்ல இருக்கட்டும்னு. பிள்ளைங்க அதைத் தன் தாத்தான்னு நினைச்சுட்டாங்க.

சாப்பிடும்போது விஜயா மெதுவாக் கேட்டாங்க, "சார், இவர எடுத்துக்கினு போயிடுவீங்களா?" கையில கரண்டி அப்படியே நின்னது. அந்தப் படத்துல இருக்கிறவர் முன்னாலதான் அவங்க கல்யாணப் பத்திரிகை வெச்சாங்களாம்.

ஹ.பாய் சோத்தைப் பிசைஞ்சுட்டே இருந்தார். "ரயில்ல வரும்போது, எடுத்துனு போறதாத்தான் இருந்தேன்மா" என்றார். "உங்க தாத்தாவை உங்களுக்குக் குடுத்துட்டு, எங்காள நான் வாங்கிக்கலாம்னு. ஆனா கூட்டாளி ஊட்ல நல்லாத்தான கீறாரு. மாலை போட்டு வெச்சிருக்கீங்க. இருக்கட்டும்."

"அப்ப எங்க தாத்தா?" தணிகாசலம்.

"அவரு எங்க ஊட்ல. ஃபிளாட் முடிஞ்சதும் ஹால்ல மாட்டப் போறேன். தொழறது உள்ரூம்ல. நீங்க வந்து பாருங்க, எப்ப வேணா."

முடிவு: தாடி தாத்தாவும் சுத்தத்துக்கு என்கிட்ட வர்றார். பூஜை ரூம்ல இடம் காலியா இருக்கக் கூடாதுன்னு விஜயா போட்டோ எடுத்து பிரிண்ட் போட்டுக்கறாங்க. குங்குமத்தை எடுக்கலாமான்னு இந்தத் தடவை முதல்லயே கேட்டேன். விஜயா, "எடுங்க மேடம், மூஞ்சி தெரியட்டும்" என்றாங்க. ஹ.பாய், "கொஞ்சம் விடுங்களேன், பாசமா வெச்சது" என்றார். குங்குமம் பெயிண்ட்டைத் தின்னும், எடுத்துத்தான் ஆகணும்னு சொன்னதும் சரின்னார்.

நவம்பர் 27, வியாழன்

மேகமூட்டம். வெளிச்சம் சீரா இருக்கு, நிழல் விழல. நல்ல நாள்.

மீரா உசேன் மேஜை மேல. நேத்து சந்தனம், குங்குமம், எண்ணெய்ப் பிசுக்கு. இன்னிக்கு வார்னிஷ். நெத்தியிலிருந்து கீழே வந்துட்டிருக்கேன். தணிகாசலம் கை வேற மாதிரி. மீரா உசேன் இழை இழையாப் பார்க்கிறவர். இவர் முரடு. பெரிய பிரஷ், நாலே வீச்சுல கன்னம். ஆனா என்ன கன்னம்! துணி அயர்ன்காரர் ரெண்டு தடவை கூப்பிட்டார், போகல.

மூணு மணிக்கு வாய். அடைச்ச புகை அங்கதான் அதிகம். மேல் உதடு. கீழ் உதடு. நடுவுல வெள்ளையா ஏதோ. பெயிண்ட் கொட்டிப்போச்சோன்னு பயந்து நிறுத்தினேன். பூதக்கண்ணாடி வெச்சுப் பார்த்தேன்.

பல்லு. சிரிக்கிறார். அந்தக் காலத்துப் படத்துல யாரும் சிரிச்சு நான் பார்த்ததில்ல, எல்லாரும் விறைப்பா உட்கார்ந்திருப்பாங்க. இவர் வாய் விட்டு, கண் சுருங்கி, எதிர்ல வரைஞ்சுட்டிருக்கிற ஆள் ஏதோ சொல்ல, அடக்க முடியாம சிரிக்கிறார்.

ஹ.பாய்க்கு வீடியோ கால். கடையில ஆள் இருக்கு, அப்புறம் கூப்பிடறேன்னார்.

"பாய், உங்க தாத்தா சிரிக்கிறார்." போனைப் படத்துக்கு நேரா திருப்பினேன்.

பஜார் ஹாரன் சத்தம். அப்புறம் யாரோ ஒரு அம்மாகிட்ட அவர் சொல்றது கேட்டது: "அந்த மெத்தைய அப்படியே வைங்கம்மா, ஒரு நிமிஷம். எங்க ஊட்டு ஆளு ஒருத்தரு வந்திருக்காரு."